பெருமாயியின் கிழக்கு

“அந்தத் தம்ளர இன்னுங் கொஞ்சம் வடக்க தள்ளி வைங்க தம்பி. கை பட்டுக் கொட்டிரும்.”

சொல்லிவிட்டுப் பெருமாயி அக்கா அடுத்த மேசைக்குப் போய்விடுவார். நானும் காப்பித் தம்ளரும் திக்குத் தெரியாமல் இருப்போம். கொடைக்கானல் விடுதியில் காலை எட்டு மணி. சன்னலுக்கு வெளியே மரமும் இல்லை, மலையும் இல்லை, வெறும் மூடுபனி. இதில் வடக்கு எது என்று யார் கண்டார்கள்? குத்துமதிப்பாக ஒரு பக்கம் தள்ளுவேன். “அது தெக்க” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். திரும்பிக்கூடப் பார்க்காமல் எப்படித்தான் தெரிகிறதோ.

அவருக்கு இடது, வலது கிடையாது. “சாம்பார் மேக்க இருக்கு, சட்னி கிழக்க இருக்கு, வேணுங்கிறத ஊத்திக்கிடுங்க” என்பார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளிடம், “ஒங்க வடக்குக் கன்னத்துல பருக்கை ஒட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சற்று நேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய் முகம் முழுவதையும் கழுவிக்கொண்டு வந்தார்.

“எல்லாரையும் போல இடது வலதுன்னு சொன்னா என்னக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நம்ம திரும்புனா இடது வலதும் கூடவே திரும்பிருது. அத நம்பி என்னத்த வைக்க? வடக்கு திரும்புமா?”

நான் தம்ளரை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் அவருடையது. பொழுது கிளம்பியதிலிருந்து அடைகிற வரை அதை மறைக்க அங்கே ஒரு மேடு கிடையாது. மிளகாய் வற்றலைக் காயவைத்து மூட்டை போட்டு அனுப்பிவிட்டால், அதன் பிறகு மழைக்காலம் வரை நிலத்தில் வேலை இல்லை. சித்திரை பிறந்ததும் ஆடுகளைக் கணவர் கருத்தையாவிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பைகளோடு கோவில்பட்டியில் பஸ் ஏறி மலைக்கு வந்துவிடுவார். விடுதி நடத்துகிற டெனிஸ் கோவில்பட்டியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். சீசன் இரண்டு மாதத்துக்கு மட்டும் இங்கே ஆறு அறை கொண்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து விடுதி ஆக்குவார். சமையல், அறை, துவைப்பு எல்லாம் பெருமாயிதான். ஐந்து வருடமாக இப்படி நடக்கிறது. நானும் கோவில்பட்டிக்காரன் என்பதால் வெயிலுக்குப் பயந்து வருடம் பத்து நாள் இங்கே வந்து கிடப்பேன்.

சேலைக்கு மேல் கருத்தையாவின் முழுக்கைச் சட்டை, காதைச் சுற்றி ஒரு துண்டு, காலில் டெனிஸ் கழித்துப்போட்ட காலுறை. இதுதான் மலையில் அவருடைய கோலம். மழை விழுந்தால் அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவார். இறவாரத்தின் கீழே அண்டா, வாளி, சட்டி என்று வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடிப்பார். “கொழாயிலதான் தெனமும் வருதே” என்று காவலாளி ரூபஸ் சிரிப்பார். “வரட்டும். அதுக்காக இத விட்டுரவா?” என்று வாளியை மாற்றி வைப்பார்.

ரூபஸுக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ரூபஸ் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வழி கேட்டால் ‘மேல’, ‘கீழ’ இரண்டுதான் அவர் வாயில் வரும். “மேல கீழங்கிறது மாடிக்கும் கெணத்துக்கும் சொல்லுதது. ரோட்டுக்கு எவனாவது சொல்லுவானா?” என்று பெருமாயி கேட்பார். பால் வாங்க அவர் கிழக்கே போகச் சொன்னால் ரூபஸ் கீழே போவார். எப்படியோ பால் வந்துவிடும்.

போன வருடம் வரை விடுதி ஏரிப் பக்கம் இருந்தது. இந்த வருடம் டெனிஸ் வேறு வீடு பார்த்துவிட்டார். பின்னால் செங்குத்தான மலைச்சரிவு, அதில் நெருக்கமாக மரங்கள். முன்னால் வராந்தா, வாசல், வாசலுக்கு அப்பால் பள்ளத்தாக்கு. பெருமாயி வந்து இறங்கிய அன்று பனி. மறுநாளும் பனி. அப்புறம் தூறலும் பனியுமாகப் பத்துப் பன்னிரண்டு நாள் சூரியன் யாருக்கும் முகம் காட்டவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வீடென்று கட்டினால் வாசல் கிழக்கே பார்த்துத்தான் இருக்கும் என்பது அவர் ஊர் வழக்கம். அவர் ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். ஆகவே வாசல் கிழக்கு, மலைச்சரிவு மேற்கு. அரை நிமிடத்தில் முடிவாகிவிட்டது. உடனே ரூபஸைத் துணைக்கு அழைத்து ஆறு அறைகளிலும் கட்டில்களை இழுத்துத் தலைமாடு தெற்கே வரும்படி திருப்பிப் போட்டார். வடக்கே தலைவைத்து யாரும் படுத்துவிடக் கூடாதாம். உப்பும் புளியும் அதனதன் திசையில் அலமாரி ஏறின. நாங்கள் எல்லோரும் அந்த வடக்கை நம்பித் தூங்கினோம்.

என் செல்போனில் திசைகாட்டி இருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பெருமாயி சொன்ன பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காயல்பட்டினத்திலிருந்து நூகு லெப்பை என்ற பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லித் திரும்பினான். பெரியவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். பையை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தங்கச்சி, இங்க மேற்கு எது? தொழணும்.”

எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அவர் பெருமாயியைக் கேட்டது சரியான ஆளைக் கேட்டதாகத்தான் எனக்குப் பட்டது. பெருமாயி முழங்கையை மடக்காமல் நேரே நீட்டி அறையின் பின்சுவரைக் காட்டினார். “இந்தா, மலைப்பக்கம். இம்மி பெசகாது அண்ணாச்சி.”

அன்றிலிருந்து பெரியவரும் மனைவியும் அந்தச் சுவரைப் பார்த்துத் தொழுதார்கள். தொழுகை நேரத்தில் வராந்தாவில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது பெருமாயியின் வேலையாயிற்று. அவராகவே எடுத்துக்கொண்ட வேலை. என்னைக்கூட ஒருமுறை தும்மியதற்கு முறைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கொட்டிய மழை சாயங்காலம் பட்டென்று நின்றது. துவைத்த விரிப்புகளை வராந்தாக் கொடியில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார் பெருமாயி. திடீரென்று பள்ளத்தாக்கில் பனி கலைந்தது. வாசலுக்கு நேர் எதிரே, எதிர்மலைக்கு ஒரு சாண் மேலே, சிவப்பாகப் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

கையில் கடைசி விரிப்போடு அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, பொழுது ஏன் கிழக்க அடையுது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சூரியன்தான் எங்கேயோ தவறிவிட்டது என்று அவர் நிசமாகவே நினைத்ததை அந்த முகத்தில் பார்த்தேன். இடுப்பிலிருந்த போனை எடுத்துக் கருத்தையாவைக் கூப்பிட்டார்.

“ஏங்க, அங்கன பொழுது எந்தப் பக்கம் நிக்கிது?”

“மேக்கதான். எங்க நிக்கும்?” என்று அந்தப் பக்கம் கேட்டது. “என்னட்டி, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கா?”

போனை வைத்துவிட்டார். வாசலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். சமையலறைக்குள் போனவர் அலமாரி முன் நின்று உப்பு டப்பாவை எடுத்தார், வைத்தார், புளியை எடுத்தார். “இது வடக்கயா தெக்கயா… கை ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுதே” என்று வெளியே வந்தார். “அப்ப நீங்க எல்லாரும் வடக்க தலைவச்சா படுத்துக் கெடந்திய?”

“நல்லாத்தான் தூங்கினோம்க்கா” என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பெரியவர் தங்கியிருந்த மூன்றாம் அறைக் கதவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

“சனிக்கெழம ரெண்டு. பொறவு நாலு நாளு, இருவது. இன்னிக்கு மூணு.” மடக்கிய விரல்களை விரிக்காமலே என்னைப் பார்த்தார். “இருவத்தஞ்சு தொழுகை தம்பி. இருவத்தஞ்சுக்கும் அவியள மாத்தித் திருப்பி நிறுத்திட்டனே.”

அந்த நேரத்தில் நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. “நாளைக்குக் காலையில கெளம்பிருவாங்கக்கா. சொல்லாம விட்டுருவோம். தெரிஞ்சா பாவம், பெரியவர் மனசு கஷ்டப்படும்” என்றேன். பெரியவர் மனசைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை ஒன்றும் இல்லை. அந்தச் சங்கடமான பேச்சு நடக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமே என்றுதான்.

“இப்ப பொழுது அடஞ்சதும் அவிய திரும்ப அந்தச் செவத்தப் பாத்து நிப்பாவ. நா தெரிஞ்சே பாத்துக்கிட்டு நிக்கவா?”

எதிர்மலையைச் சூரியன் தொட்டுவிட்டது. பெருமாயி அப்படித் தயங்கி ஐந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை. மூன்றாம் அறைக்கு எட்டடி தூரம். நான்கடி போனார், திரும்பி வந்தார், காதைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி போனார். உள்ளே பெரியவர் கைகால் கழுவி உளூச் செய்த ஈரக் கையோடு பின்சுவரைப் பார்த்துப் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி” என்றார் பெருமாயி. “நா ஒங்களுக்கு மேக்கன்னு காட்டுனது கிழக்க.”

பெரியவருக்குப் புரியவில்லை. “என்ன தங்கச்சி சொல்லுதிய?”

“தப்பாக் காட்டிட்டேன். பனியில எனக்குத் தெரியல. எங்க ஊரு வீடுன்னு நெனச்சு, வாசலு கிழக்கன்னு… இருவத்தஞ்சும் தப்பாப் போச்சு அண்ணாச்சி.”

பெரியவர் சுவரைப் பார்த்தார். ஐந்து நாளாக அந்தச் சுவரில் எதைக் கண்டாரோ, அதைத் தேடுகிற மாதிரி பார்த்தார். அவர் மனைவி கட்டிலிலிருந்து எழுந்து தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, “அப்ப நாம யாரைப் பாத்து நின்னோம்?” என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிசமாகவே தெரியாமல்தான் கேட்டார். பெரியவர், “சரி… சரி” என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பெருமாயியைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மெல்லக் குனிந்து பாயைச் சுருட்டினார். சுருட்டிய பாயோடு அறை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார். கட்டில் ஒரு பக்கம், சன்னல் ஒரு பக்கம். கடைசியில் கதவை நோக்கி விரித்தார். விரித்தபின்னும் சந்தேகம் தீரவில்லை. நிமிர்ந்து பெருமாயியையே கேட்டார்.

“இப்பம் சரிதானா தங்கச்சி?”

பெருமாயியின் வலது கை பாதிவரை எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

அவர் வராந்தாவுக்கு வந்தார். கொடியில் வாசலை மறைத்துக்கொண்டு தொங்கிய ஈர விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி விரிப்பையும் எடுத்ததும் எதிர்மலைக்கு மேலிருந்த சிவப்பு நேரே கதவு வழியாகப் போய் அந்தப் பாயில் விழுந்தது. தோளிலிருந்து தண்ணீர் வடிய, பெரியவருக்கு எதிரே வராமல், அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.