ஆறாத இரும்பு

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தகரக் கூரைப் பட்டறையில் அந்த வெல்டரைச் சந்தித்தேன். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதில் நூல். ஒவ்வொரு இணைப்பையும் முடித்துவிட்டுப் புறங்கையால் இரும்பைத் தொட்டுப் பார்ப்பார்.

விண்ணிலிருந்து வரும் துகள்களைப் பதிவுசெய்யும் கருவிக்காக நான் வரைந்து, நானே மெச்சிக்கொண்ட, ஆளுயரக் கூண்டு போன்ற இரும்புச் சட்டத்தை அன்று அவர் செய்துகொண்டிருந்தார். உள்மூலைகளைப் பற்றவைக்க உள்ளே புகுந்தவர், கடைசிக் கம்பியையும் உள்ளிருந்தே பற்றவைத்துவிட்டார். வெளியே வர இடைவெளி இல்லை. என் வரைபடத்தில் கருவிக்கு இடம் இருந்தது, ஆளுக்கு வழி இல்லை.

“கம்பியை அறுங்கப்பா!” என்று பட்டறைப் பையன்களைப் பார்த்துக் கத்தினேன்.

“சூட்டோட அறுத்தா கோணிக்கும் சார். ஆறட்டும்” என்று உள்ளேயே குந்திவிட்டார்.

சித்திரை வெயில். கம்பிகளுக்கு நடுவே டீ கிளாஸை நீட்டினேன்.

“இதுல இன்னா சார் வைப்பீங்க?”

“துகளைக் கண்டுபிடிக்கிற கருவி. அந்தத் துகள் கூரை, சுவர், மனுஷன் எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் போயிடும். போன தடம்தான் நமக்குக் கிடைக்கும்.”

அவர் நாலு பக்கமும் கம்பிகளைப் பார்த்தார்.

“அது போயிடும். நான்தான் மாட்டிகினேன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புறங்கையை நீட்டி இரும்பைத் தொட்டார்.

“இன்னும் ஆறல சார்.”