வளைவில் நிற்கும் வண்டி

நடுவட்டம் சாலையில் கால் முறிந்து கிடந்த எங்கள் நாயைத் தூக்கி வந்தவர், தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப் ஓட்டுநர். புருவம்வரை குரங்குக் குல்லா.

"எவனோ இடிச்சுட்டு நிக்காம போயிட்டானுங்க" என்றார்.

இந்தப் பக்கம் கால் முறிகிற நாய்கள் அநேகமாக வண்டியில் அடிபட்டவைதான் என்றார் கால்நடை மருத்துவர். யாருடைய வண்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதன்பின் ஞாயிறுதோறும் அந்த ஓட்டுநர் நாய்க்குப் பன் வாங்கிக்கொண்டு வந்தார். வண்டியை மட்டும் தூரத்து வளைவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். எனக்கு அது உறுத்தியது.

"ஏனுங்க, வண்டிய ஊட்டுக்கிட்டயே நிறுத்தலாமுங்களே?"

"சத்தங்கேட்டா நாய் பயந்துக்குமுங்க" என்றார், மாவுக்கட்டைத் தடவியபடி.

எங்கள் வாசலை ஒட்டி நாளெல்லாம் லாரியும் பஸ்ஸும் போகின்றன. நாய் காதைக்கூட அசைப்பதில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் அடுத்த ஞாயிறு வராமல் போய்விடுவார் என்று, டீ போட உள்ளே போனேன்.