பெஞ்சில் உட்கார்ந்து செய்த தியானம்

சேத்தியாத்தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு டீயை வாயில் வைக்கும்போது டிப்போவிலிருந்து போன் வந்தது. "ஜெயராமன் போயிட்டாரு. குளிக்கப் போன எடத்துல விழுந்துட்டாராம்." லீவில் இருந்த ஆள். வண்டி நிறைய ஜனம். சிதம்பரம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். இறந்தவரை 'அவன்' என்கிறேனே என்று டிப்போக்காரர்கள் கோபிக்க வேண்டாம். பதினோரு வருஷம் நான் டிரைவர், அவன் கண்டக்டர். 'அவர்' என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

சில வருஷம் முன்னால் எனக்கு பிரஷர் ஏறிக் கிடந்த சமயம். மாத்திரை போடு, மனசையும் அடக்கு, அடுத்த செக்கப்பிலும் இறங்கவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வேலை எனக்குத் தெரியாது. ஜெயராமன் அப்போதுதான் கடலூரில் தியானம் கற்றுக்கொண்டு வந்து, டிப்போ ஓய்வறையில் காலையில் நாலு பேரை உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

"நாள் பூரா நின்னுகிட்டே இருக்கறவன் எனக்கு ஒக்காரச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன்.

"நின்னவனுக்குத்தான் தெரியும் ஒக்கார்ற அரும. வா மச்சான்" என்றான்.

சம்மணம் போட்டேன். மூன்றாவது நிமிடமே கால் மரத்தது. முட்டி இரண்டும் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றன. சுவரில் சாய்ந்தேன், குறட்டை விட்டேனாம். கடைசியில் என்னை நின்றிருந்த பஸ்ஸுக்குக் கூட்டிப்போய் டிரைவர் சீட்டில் ஏற்றினான். "இதுல மூணு மணி நேரம் நெளியாம ஒக்கார்ற. இங்கயே கண்ண மூடு." மூடினேன். வலது கால் தானாகப் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருந்தது. யாரோ குறுக்கே வருகிற மாதிரியே இருந்தது.

"தப்பு எம்மேலதான் மச்சான். இது வேல செய்யற சீட்டு. எறங்கு."

மறுநாள் ஓய்வறை பெஞ்சு. இடுப்புக்குக் கீழே மடித்த துண்டு, செருப்பில்லாத கால் இரண்டும் தரையில், கை தொடைமேல், முதுகு எதிலும் சாயாமல். அவனும் தரையை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தரையில் தியானத்துக்கு உட்கார்ந்திருந்த மெக்கானிக், "என்னா, ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்துருக்கீங்களா?" என்றார்.

"ஆமா. வர்ற வரைக்கும் சும்மா இருக்கோம். ஒனக்கென்னா?" என்றான் ஜெயராமன், கண்ணைத் திறக்காமலே. என்னிடம் மெதுவாக, "வலிச்சா நகந்து ஒக்காரு. யாரும் மெமோ குடுக்க மாட்டாங்க" என்றான்.

அன்று பத்து நிமிடம் முழுதாக உட்கார்ந்தேன். பிறகு தினமும். மாத்திரையையும் விடவில்லை. அடுத்த செக்கப்பில் டாக்டர் கையில் பட்டையைக் கட்டி இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஓட்டலாம்" என்றார். வெளியே வந்து ஜெயராமனிடம் சொன்னதும், "வேற நல்ல டிரைவர் கெடைப்பான்னு பாத்தேன், கெடுத்துட்டியே" என்றான். அன்று முழுதும் விசிலைக் கொஞ்சம் நீளமாகவே ஊதினான்.

அவனிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் பத்து நிமிடமும் இந்த வேலையும்தான். காரியம் முடிந்து இன்று காலை டியூட்டிக்கு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். நடுவில் அழுகை வந்தது. எழுந்திருக்கவில்லை, அது பாட்டுக்கு வரட்டும் என்று இருந்தேன். அழுகை நின்றதும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆறேகால் வண்டியை எடுத்தேன்.