பாக்கு மீன் என்று சொன்னேன்

பொய் சொன்னேன். ஒரு முறையல்ல, இரு முறை. இரண்டு முறையும் என் குரல் நடுங்கவில்லை!

மாத்தளை நகரில் வண்ணமீன் கடை நடத்துபவள் நான். எந்த மீனை நாட்டுக்குள் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்பது எனக்கு மனப்பாடம். ஆகவே அறியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்காகச் சாக்குத் தேட வேண்டாம்.

கூரிய பற்களால் சதையைக் கிழித்துத் தின்னும் பிரானா மீன் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. தெரிந்துதான் நான்கு குஞ்சுகளை வாங்கினேன். கொழும்பிலிருந்து ஒருவர், வேறு மீன்களோடு கலந்து மறைத்துக் கொண்டுவந்து தந்தார். ஏன் வாங்கினேன்? விற்கவா? இல்லை... இந்த ஊரில் எவரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். அந்தத் திமிர்தான்!

கடையின் பின்னறையில் ஒரு வருடம் வளர்த்தேன். கையகலம் வளர்ந்தன. வயிறு சிவந்தது. அழகாக இருந்தன... அதையும் மறைக்கமாட்டேன்.

பிறகு, அதிகாரிகள் மீன் கடைகளைச் சோதிக்க வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கொல்ல மனம் வரவில்லை. ஆற்றில் விட்டால் ஆறே நாசமாகும் என்பதும் தெரியும்.

அந்த வாரம்தான் சிவராஜ் சேர் வந்தார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். பாடசாலைக் கண்காட்சிக்கு, பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். பின்னறைக்கு அழைத்துப் போனேன்.

"இது என்ன மீன் தங்கச்சி?"

"பாக்கு மீன் சேர்."

"பாக்கா? அப்ப வெத்தலை எங்க?" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "சட்டத்துல ஒண்ணும் பிரச்சினை இல்லியே? நான் கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கிறவன்."

"ஒண்டும் இல்ல சேர். பாக்க பிரானா மாதிரி இரிக்கும், ஆனா இது எல, பழம் திங்கிற வேற மீன். பயப்படாம கொண்டு போங்க. ஸ்கூலுக்கு என்ட அன்பளிப்பு."

அவர் கண் கலங்கிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்!

கண்காட்சிக்கு வந்த ஓர் அதிகாரி, மீனின் பற்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மீன்களை எடுத்துப் போய் அழித்தார்கள். விசாரணை நடந்தது. யார் கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். சேர் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காக மனமுவந்து கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றாராம். அதே பாடசாலையில் அதிபராக வரவேண்டியவர்... அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. அவருக்குத் தொலைவில் கலேவெலப் பக்கம் இடமாற்றம்.

போகுமுன் கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எண்ணி, பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"உங்களுக்கும் தெரியாதுதானே தங்கச்சி?"

அவ்வளவுதான் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்குமா?

"தெரியா சேர். எனக்குத் தந்தவன் ஏமாத்திட்டான்."

"அதத்தான் நானும் வீட்டுல சொன்னேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதல்!

முதல் பொய் பயத்தில் வந்தது என்று வாதாடலாம். இரண்டாவது? அவர் என்னைப் பற்றி வைத்திருந்த நல்ல எண்ணத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வந்தது. அவர் பதவியையும் பறித்து, மரியாதையையும் நானே வைத்துக்கொண்டேன். இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?

இப்போது என் கடையில் தடைசெய்த மீன் ஒன்றுகூட இல்லை. எந்த அதிகாரியும் வரலாம். அதனால் என்ன ஆகிவிட்டது?

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். இன்று சொல்லிவிடுவேன் என்று வாயைத் திறந்தேன்.

"சேர்... சொகமா இரிக்கிறீங்களா?" என்றுதான் வந்தது.

"நல்லா இருக்கேன் தங்கச்சி" என்றார். பஸ்களின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பேசினார். கலேவெலப் பாடசாலையிலிருந்து வீடு போய்ச் சேர இன்னும் இரண்டு பஸ் ஏற வேண்டுமாம்.