பட்டறைச் சோறு

அம்மா ஓய்வு பெற்ற மறு வாரமே அவளைச் சேலம் சூரமங்கலத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவள் சத்துணவுச் சமையலர். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பள்ளி அடுப்புதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர் யாரும் இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போனபோது, வரிசையில் நின்றவர்கள் அதைக் கட்டணச் சலுகைக்கான ஒரு தாளாகப் பார்த்தார்கள். எனக்கு அது பட்டமாகவே தெரிந்தது. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று இரண்டு முறை படித்தேன்.

இப்போது எனக்கு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. இனி நான் சமைப்பேன், அம்மா உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று முடிவு செய்திருந்தேன். அலுவலகத்தில் சிலரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

அம்மா கொஞ்ச நாள் தாங்கினாள். முதலில் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். பிறகு பாத்திரங்களின் அடிக்கரியைச் சுரண்டினாள். அதுவும் தீர்ந்ததும், கடையில் சுத்தம் செய்து விற்ற அரிசியை முறத்தில் கொட்டி, இல்லாத கல்லைத் தேடினாள். நான் வேலை முடிந்து வரும்போது கதவருகே காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்டேஷன் அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“எல்லா ரயிலும் எங்கியோ போகுது சாமி. நாந்தான் இங்கியே கெடக்கறேன்.”

“ஓய்வுன்னா அப்படித்தாம்மா இருக்கும்.”

“அது கவர்மெண்டாப் பாத்துக் குடுத்தது. நான் கேட்டனா?”

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நாமக்கல் சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் பேசினார். சிறுவயதில் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்து, அம்மா கையால் சாப்பிட்டவர். பட்டறையில் ஆசாரி, வெல்டர், பெயிண்டர் என்று நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மதியம் எல்லோரும் ரோட்டோரக் கடையில் பரோட்டாதான்.

“ஆளுங்க வவுறு கெட்டுப்போய் வாரத்துல ரெண்டு பேரு லீவு போடறாங்கம்மா. நீங்க வந்து சோறாக்கிப் போட்டா நல்லாருக்குமுங்க” என்றார்.

“வாரேன் சாமி” என்று அம்மா சொல்லி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் முட்டி வலி எனக்குத் தெரியும். இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அதைவிட, மகள் ரயில்வேயில் இருக்க, தாய் பட்டறையில் சோறாக்கினால் ஊர் என்ன பேசும்? அதையும் சொன்னேன்.

“பேசட்டும். இத்தன நாளு நான் சோறாக்குனதுக்கு ஒரு பேச்சும் வரலியே. நீ வேலைக்குப் போனதும் எனக்கு வெக்கம் வந்துருமா?”

“முட்டி?”

“அது உக்காந்திருந்தாலும் வலிக்குது. நின்னாலும் வலிக்குது. நின்னா நாலு பேரு திங்கறாங்க.”

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கூடவே போனேன். தங்குவதற்கு ஊரில் எங்கள் பழைய வீடு இருந்தது. எப்படியும் திரும்ப அழைத்து வந்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் புதிய அடுப்பு போட்டிருந்தார்கள். முன்புறத்தில் பாதி கட்டிய லாரிகள் எலும்புக்கூடுகளாக நின்றன. வெல்டிங் வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆட்களை எண்ணினாள், அரிசியை அளந்தாள், பருப்பை வேகவைத்தாள். இத்தனை நாளும் நான் பார்க்காத ஒரு வேகம் அவள் கைக்கு வந்திருந்தது. மெல்லத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு கொதி கூடுதலாக விட்டு இறக்குவது அவள் பழக்கம். அன்றும் அப்படியே இறக்கினாள்.

முதலாளி முதலில் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்படியே நாலாங்கிளாஸ்ல உக்காந்து திங்கற மாதிரியே இருக்குதுங்கம்மா!”

அவருக்கு அது பாராட்டு. சிக்கல் அதில்தான் இருந்தது.

ஆட்கள் தட்டோடு வந்தார்கள். முதல் கவளத்திலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோறு குழைந்திருந்தது. சாம்பார் மஞ்சளாக, சாதுவாக இருந்தது. காரம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

வெல்டர் ஒருவர் பேச்சைத் தொடங்கினார். பெரிய மீசை, நெற்றியில் ஏற்றிவிட்ட கருப்புக் கண்ணாடி. “ஏனுங்கம்மா, இன்னும் கொஞ்சம் கொழச்சு நீங்களே ஊட்டி உட்டுருங்க. நாங்க வாய மட்டும் தொறக்கறோம்.”

“இன்னிக்கு முட்டை இல்லீங்களா?” என்றார் பெயிண்டர்.

“கைய நீட்டி வரிசையா நிக்கோணுமுங்களா? மணி அடிக்கவே இல்லியே!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொட்டகையே சிரித்தது. அதற்குள் இன்னொன்று நடந்தது. பாதிப் பேர் உட்காரும் முன்பே சோற்றுக் குண்டான் காலியாகிவிட்டது. அம்மா தலையை எண்ணி அரிசி போட்டிருந்தாள். எண்ணிக்கை சரிதான். ஆனால் ஒவ்வொரு தலைக்கும் அவள் போட்டது எட்டு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்கு. காலையிலிருந்து இரும்பு தூக்கிய ஆட்கள் காலித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி பரோட்டாக் கடைக்கு நடந்தார்கள்.

முதலாளி தலையைச் சொறிந்தபடி வந்தார். “இந்த வாரம் பாக்கலாங்கம்மா. ஆளுங்க மறுபடி கடைக்கே போனாங்கன்னா, நான் என்னங்க பண்ணட்டும்? அவுங்களுக்காகத்தான இந்த ஏற்பாடே.”

அந்த வாரத்துக்குள் ஆட்கள் கொட்டகையில் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் அம்மா மறுபடி என் கதவருகே காலை நீட்டி உட்கார வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனாலும் அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

பேருந்தில் ஊர் திரும்பும்போது, “வாம்மா, நாளைக்குச் சேலம் போயிரலாம்” என்றேன்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பார்வையைத் திருப்பாமலே சொன்னாள்: “இப்பப் போனா, சோறாக்கத் தெரியாதவங்கற பேரோட போவேன். அந்தப் பேர வெச்சுக்கிட்டு உங்கூட்டுல எப்பிடி உக்காந்து திங்கறது? மொதல்ல பேர மாத்தறேன். பொறவு வாரதப் பத்திப் பேசலாம்.”

அன்று மாலை ஊர் வீட்டில் மிளகாயை வறுத்து அரைத்து ஒரு சாம்பார் வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“இது போதுமா?”

நான் சாப்பிட்டுப் பார்த்தேன். “இன்னும் வேணும்மா.”

“இன்னுமா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “பள்ளிக்கொடத்துச் சாம்பாரையே ருசி பாத்துப் பாத்து என் நாக்கு சின்னப்புள்ள நாக்காவே ஆயிருச்சு சாமி. இத வெச்சுக்கிட்டு அந்த மீசக்காரங்களுக்கு நான் எப்பிடி அளவு பாக்கறது?”

மறுநாள் அரிசியை இரண்டு மடங்காகப் போட்டாள். சோறு பதமாக வந்தது. ஆனால் மிளகாயைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொட்டிவிட்டாள். ஆட்கள் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்றார்கள்.

“நேத்து தாலாட்டு, இன்னிக்குத் தீமிதி!” என்றார் வெல்டர். அன்றும் பத்துப் பதினைந்து பேர் கடைக்குப் போனார்கள்.

நான் விடுப்பை நீட்டித்தேன். இப்போது எந்தக் கணக்கும் இல்லை. அம்மா தோற்கக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. “நான் ருசி பாத்துச் சொல்றேம்மா” என்றேன்.

“நீ எத்தன நாளைக்கு? உனக்கு ஆபீஸ் இருக்குதில்ல? இங்கியே இருக்கற நாக்கு வேணும்.”

மூன்றாம் நாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கரண்டியோடு கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாக அவள் குரல் எழுந்தது. அது மைதானத்தில் ஓடும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

“மீசக்கார சாமி! இங்க வா!”

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நானுங்களா?”

“நீதான். பள்ளிக்கொடத்துல வாத்தியாரு தின்னு பாத்து, செரின்னு சொன்னாத்தான் புள்ளைங்களுக்குப் போடோணும். அதுதான் சட்டம். இங்க வாத்தியாரு இல்ல. நீதான் நல்லாக் கொற சொல்ற. நீயே வாத்தியாரா இரு.”

ஆட்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு விசில் அடித்தார்கள். “போங்க வாத்தியாரே! பரிச்சைக்கு நேரமாச்சு!”

அவர் நெளிந்துகொண்டே வந்தார். அம்மா அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார் விட்டாள். நக்கிப் பார்த்தார்.

“காரம் கொஞ்சம் பத்தலீங்க.”

அம்மா போட்டுக் கலக்கினாள். மறுபடி ஒரு சொட்டு.

“இப்ப காரம் செரி. புளி… புளி இன்னும் ஒரு பிடி கரைக்கலாமுங்க.”

“எங்கூட்டுல இத்தனை புளி ஊத்துனா அடுத்த நாளு பல்லு கூசும்.”

“எங்கூட்டுல ஊத்துலீன்னா எங்கம்மாகிட்ட நான் சண்டைக்கு நிப்பனுங்க.”

புளி கரைக்கப்பட்டது. மூன்றாவது சொட்டை நக்கிவிட்டு, “செரிங்க” என்றார். கையை மறுபடி நீட்டினார். அம்மா கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “வாத்தியாரு ஒரு சொட்டுத்தான் பாப்பாரு. மிச்சத்துக்குத் தட்டு எடுத்துட்டு வா.”

அன்று யாராவது குறை சொல்ல வாயைத் திறந்தால், மற்றவர்கள் வெல்டர் பக்கம் கையைக் காட்டினார்கள். சரி என்று சொன்னவர் அவர்தான்; அதனால் அவரே சாம்பாருக்காக வாதாட வேண்டியிருந்தது. ஆசாரி ஒருவர் “உப்புக் கம்மி” என்றபோது, “உன் நாக்குல பெவிகால் ஒட்டியிருக்கும், கழுவிட்டு வந்து தின்னு” என்று அதட்டினார். நான் பரிமாறிக்கொண்டே சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. குண்டானில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒட்டிய பருக்கை தவிர ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொதி வந்ததும் வெல்டருக்கு அழைப்பு போனது. ஆனால் சனிக்கிழமை எங்களுக்குப் பயமாக இருந்தது. அன்று சம்பள நாள். கையில் காசு இருக்கும்போது ஆட்கள் கறிச்சோற்றுக் கடைக்குப் போவது வழக்கம் என்று பெயிண்டர் சொல்லியிருந்தார். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. ஏழெட்டுப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். என் கை கரண்டியிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் தட்டைத் தட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள்.

எல்லோரும் எழுந்த பிறகு முதலாளி வந்தார். “திங்கக்கிழமைக்கு அரிசி மூட்டை எறக்கச் சொல்லிரட்டுங்களா?”

“சொல்லுங்க சாமி. ஆனா இந்த அரிசி வேண்டாம், இது சட்டுனு கொழையுது. அப்பறம், குண்டான நான் தூக்க மாட்டேன். எறக்கி வெக்க ஒரு ஆளு வேணும். எம்புள்ள சொல்லியிருக்குது. ஞாயித்துக்கெழமை நான் வர மாட்டேன், அதுவும் எம்புள்ள சொன்னதுதான்.”

நான் சொன்னது முதல் விஷயம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சேர்த்துக்கொண்டது. நானும் தலையை ஆட்டினேன்.

“செரிங்கம்மா” என்றார் முதலாளி.

திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தேன். மதியம் நெருங்கும்போது மனசு கேட்காமல் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பின்னால் இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டது.

“முட்டி எப்படிம்மா இருக்கு?”

“வேலை நேரத்துல எதுக்குச் சாமி கூப்பிடற? வாத்தியாரு வந்து நிக்கறாரு” என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசையில் இருந்த அக்கா, “அம்மா உன்கூடத்தானே இருக்காங்க?” என்று கேட்டார்.

“இல்லைக்கா” என்றேன். “ஞாயித்துக்கிழமை வருவாங்க. மத்த நாளெல்லாம் அவங்களுக்கு வேலை இருக்கு.”