கூட்டத்துக்கு வராத நாயகன்

இன்று மாலை எங்கள் ஜீவனஹள்ளி அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம். வாட்ஸ்அப் குழுவில் தலைவலி என்று போட்டுவிட்டு, வீட்டில் ஒரு மாயாஜால நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

நாயகன் ஆடு மேய்ப்பவன். அரக்கனை ஒழிக்க அரசவை அவனைத் தேர்ந்தெடுக்கிறது. அவனோ பக்கம் பக்கமாக "என்னால் முடியாது" என்று புலம்புகிறான்.

நாட்டில் அத்தனை வீரர்கள் இருக்க, இவனை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? எரிச்சலில் புத்தகத்தை மூடினேன்.

காலிங் பெல் அடித்தது. வாசலில் கீழ்வீட்டு மேரி அக்கா, எங்கள் சங்கச் செயலாளர். கையில் மோட்டார் ரூம் சாவி, முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"தம்பி, இனிமே நீதான் செக்ரெட்டரி. எல்லாரும் ஒரே மனசா சொல்லிட்டாங்க."

"என்னையா? ஏன்க்கா?"

"வந்தவங்க எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. நீ ஒருத்தன்தான் அப்படிச் சொல்லல."

"நான் வரவே இல்லையேக்கா!"

"அதனாலதான்பா."

சாவியை என் கையில் திணித்தார்.

"காலைல தண்ணி லாரி வரும். மூணாவது மாடி சார் கேட்டை மறைச்சு காரை விட்டிருப்பாரு. எடுக்கச் சொல்லு. கத்துவாரு, பயப்படாத."

நாவலாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆட்டுக்காரனும் அன்றைக்கு அவைக்குப் போயிருக்க மாட்டான்.

காலையில் அரக்கனைப் பார்க்கத் துணைக்கு வருபவர்கள் கமென்டில் சொல்லுங்கள். தலைவலி என்று மட்டும் போடாதீர்கள்.