சிம்பாங் வரைக்கும்தான் பஸ்

நேற்று சுங்கைப் பட்டாணி சிக்னலில் ஒரு தொழிற்சாலை பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். அதன் முதுகில் ஏதோ குத்தகை நிறுவனத்தின் பெயர். டீசல் புகை மூக்கில் ஏறியதும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தப் பெயரை முறைத்தேன். வயதானால் கோபம் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை.

அப்போது நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் புது ஆள். கழுத்தில் டை கட்டினால் அறிவு வந்துவிடும் என்று நம்பிய வயது. கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பஸ் இருந்தது. ஓட்டியவர் பாடாங் செராய் சவரிமுத்து அண்ணன். முன்கண்ணாடியில் அவருடைய ஜெபமாலை, அதற்குக் கீழே பஸ்ஸில் வேலைக்கு வரும் அக்காமார் ஒட்டிய மாரியம்மன் படம். தினமும் இரண்டையும் துடைப்பார். செம்மண் பாதையில், தொழிலாளர்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே போவார். அங்கிருந்து வேலைக்கு வரும் லெட்சுமி அக்கா பிள்ளைக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு ஓடிவரும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பார்.

பஸ்ஸை நாமே ஓட்டுவதா, வெளியாளுக்குக் குத்தகைக்கு விடுவதா என்று அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் அந்த பஸ்ஸிலேயே போய்வந்து, ‘நாமே ஓட்டுவோம், வெளியாள் தோட்டத்துக்குள் போகமாட்டான்’ என்று முடித்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்தார்.

“எல்லாம் ஓகே தம்பி. கடைசிப் பக்கத்த மட்டும் மாத்திரு லா. மேல முடிவு பண்ணிட்டாங்க.”

அப்புறம் என்னத்துக்கு என்னை எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சவரிமுத்து அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது பஸ் பெரிய ரோட்டில், தோட்டத்துப் பாதை பிரியும் சிம்பாங்கோடு நின்றது. மூன்றாம் மாதம், மழை பெய்த ஒரு காலையில், அந்த பஸ்ஸைப் பிடிக்க ரோட்டோரம் நடந்த லெட்சுமி அக்காவை லாரி அடித்தது. உயிர் தப்பியது. இடது கால் போய்விட்டது.

அவர் கணவர் என் மேசை முன் வந்து நின்றார். குத்தகைக்காரனுக்கு போன் போட்டேன். “உள்ள போகணும்னு கான்ட்ராக்ட்ல இல்லியே” என்றான். மேனேஜரோ, “பஸ்ஸு நம்மளது இல்லியே தம்பி” என்றார்.

“அப்ப நான் யாரத்தான் கேக்குறது?” என்றார் அந்த மனிதர்.

“என்னையக் கேளுங்கண்ணே. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

அவர் அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இழுப்பறையில் கிடந்த பழைய கடைசிப் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதை வைத்து வழக்காடித்தான் பின்னால் அவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. என் வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

இப்போது அங்கே சமையல், காவல், துப்புரவு எல்லாமே வெளியாள். நான் உட்கார்ந்திருந்த பிரிவும் அப்படித்தான். தொழிலாளி நேரே வந்து நின்று, முகத்துக்கு முகம் திட்டுவதற்கு அங்கே ஒரு மேசை இருந்தது. அந்த இடத்தில் இப்போது புகார் சொல்லச் சுவரில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கிறார்கள். அடித்துப் பார்த்தேன். எடுத்த பெண்ணுக்கு அந்தத் தொழிற்சாலை எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.